மூன்றங்குல ரப்பர் மீன்

மோகனதாஸுக்குப் பேச்சு போனது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஜூலை மாதம், ஒரு புதன்கிழமை காலை, வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது. சிட்னிக்கு மேற்கே ஒரு தொழிற்கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக மின்வேலை சொல்லிக்கொடுத்தவர் அவர். பலகையில் ஏதோ படம் போட்டுவிட்டு மாணவர்கள் பக்கம் திரும்பி வாயைத் திறந்திருக்கிறார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. வாத்தியார் வேடிக்கை காட்டுகிறார் என்று பையன்கள் சிரித்தார்களாம். வலது கையிலிருந்து பேனா நழுவி விழுந்த பிறகுதான் ஒருவன் எழுந்து ஓடி ஆம்புலன்சுக்குச் சொன்னான்.

ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். வலது கால் ஓரளவு திரும்பி வந்தது. வலது கை பாதி வந்தது, டம்ளரைப் பிடிக்கும், ஆனால் பிடியை விடத் தெரியாது. பேச்சு மட்டும் வரவில்லை. அதிலும் டாக்டர்களே தலையைச் சாய்த்து யோசித்த ஒரு விஷயம், இருபத்திரண்டு வருடம் அவர் சோறு சம்பாதித்த இங்கிலீஷ் அடியோடு போயிருந்தது. மிஞ்சியது கொஞ்சம் தமிழ். மலேசியாவின் கிள்ளானில் சின்ன வயதில் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ். அந்தக் கொஞ்சமும் இடம் மாறிக் கிடந்தது. ‘ஆமா’ என்று சொல்ல நினைத்தால் ‘இல்ல’ வரும். ‘உட்காரு’ என்று சொல்ல வந்தால் ‘எந்திரி’ வரும். எதுவுமே அகப்படாவிட்டால் ‘தபால்’ என்பார். தண்ணீருக்கும் தபால், மகளுக்கும் தபால், வயிற்று வலிக்கும் தபால். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எதுவும் தேட வேண்டாம், அது சும்மா நாக்கில் ஒட்டிக்கொண்ட சொல் என்று பேச்சுப் பயிற்சி தரும் பெண் கேட் சொல்லியிருந்தாள். ஆனாலும் அவர் மனைவி புஷ்பவல்லி முதல் மாதம் முழுக்கத் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தாள்.

புஷ்பவல்லிக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. வென்ட்வொர்த்வில்லில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் வீட்டில் பேசுகிற வேலை அவருடையது, கேட்கிற வேலை இவளுடையது. அவர் அதட்டுகிற மனுஷர் என்று சொல்ல முடியாது. பேசப் பிடிக்கும், அவ்வளவுதான். பேங்குக்கு அவர் பேசுவார், பிளம்பருக்கு அவர் பேசுவார், மேய்ஸ் ஹில் கோவிலுக்குப் போனால் செருப்பு விடுகிற இடத்திலேயே நாலு பேரை நிறுத்திப் பேசுவார். இவள் பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். இப்போது வீட்டில் தொலைக்காட்சி ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

நவம்பரில் ஒரு நாள் புஷ்பவல்லி வேலையிலிருந்து வந்தபோது அவர் கூடத்தின் நடுவில் தூண்டில் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கோல் உடம்புக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் வாங்கியது. கல்லூரியில் கூட வேலை பார்த்த கிளென் என்பவர் ஒரு சனிக்கிழமை அவரை பென்ரித் பக்கம் நேப்பியன் ஆற்றுக்குக் கூட்டிப்போனார். அன்றைக்கு ஒன்றும் மாட்டவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவர் இரவுச் சாப்பாடு முடியும்வரை பாஸ் மீனைப் பற்றியே பேசினார். ஆற்றில் விழுந்து கிடக்கிற மரங்களுக்கு அடியில் அது பதுங்கியிருக்குமாம். மண்புழுவெல்லாம் வேண்டாமாம், ரப்பரில் செய்த குட்டி மீனைத் தண்ணீரில் நீந்த விட்டு இழுத்தால் போதுமாம், கோபத்தில் வந்து அடிக்குமாம். ஜூனில் தொடங்குகிற குளிர்காலத்தில் ஆற்றில் பாஸ் பிடிக்கத் தடை, செப்டம்பரில் திறந்துவிடுவார்கள், அதற்குள் சாமான் சேர்த்துவிட வேண்டும் என்று தள்ளுபடியில் ஒரு கோலும் நூல் சுற்றும் ரீலும் வாங்கி வந்தார். ரப்பர் மீன் வாங்குவதற்குள் ஜூலை வந்துவிட்டது.

கிளென் இரண்டு தடவை வந்து பார்த்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, உரக்கப் பேசி, அவர் ‘தபால், தபால்’ என்பதற்கெல்லாம் தலையாட்டி, கண் கலங்கிப் போய்விட்டார். கோடைக்கு ஆற்றுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னார். பிறகு போன் வந்தது. பிறகு போனும் வரவில்லை. புஷ்பவல்லிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. தனக்கும் எழுந்து போய்விட ஓர் இடம் இருந்திருந்தால் போயிருப்போமோ என்று அவளுக்கே சில நாள் தோன்றியிருக்கிறது.

அந்த நவம்பர் நாளிலிருந்து அவர் கோலைப் படுக்கைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டார். தபால் பெட்டியில் வருகிற விளம்பரத் தாள்களில் மீன்பிடிச் சாமான் கடையின் தாளை மட்டும் எடுத்து வைத்து, ஒரு பக்கத்தை இடது கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கத்தில் நாற்பது ரப்பர் மீன்கள் இருந்தன. எதைத் தட்டுகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. பேச்சுப் பயிற்சி தரும் கேட்டிடம் சொன்னாள். அவருக்கு எதில் ஆசை இருக்கிறதோ அங்கே கூட்டிப்போங்கள், சொல் வந்தால் அங்கேதான் வரும் என்றாள் கேட். வராமலும் போகலாம் என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள்.

மெல்போர்னில் படிக்கிற மகள் தேவிகா இதைக் கேட்டுவிட்டு இணையத்தில் தேடி ஒரு கட்டுரையை அனுப்பினாள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் குறைந்த செலவில் வாங்கக்கூடிய ரப்பர் மீன்கள் என்று அதில் ஒரு பட்டியல். புஷ்பவல்லி வேலையிடத்தில் அச்செடுத்து நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். சம்பளத்தோடு இருந்த விடுப்பு அவருக்குக் கிறிஸ்துமஸோடு முடிந்துவிட்டது. அந்த மாதம் அறுபது டாலருக்கு மேல் இதற்கு ஒதுக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஜனவரி இரண்டாவது வாரம் அவரைக் காரில் உட்கார வைத்து பென்ரித்தில் ஒரு மீன்பிடிச் சாமான் கடைக்கு ஓட்டினாள். மோட்டார்வேயில் ஓட்ட அவளுக்குப் பயம். அதனால் கிரேட் வெஸ்டர்ன் ஹைவேயில், ஒவ்வொரு சிக்னலுக்கும் நின்று நின்று போனார்கள்.

கடை சின்னது. உள்ளே ரப்பரும் மீன் எண்ணெயும் கலந்த வாடை. கல்லாவில் நோரீன் என்று பெயர்ச்சீட்டு குத்திய ஒரு வயதான பெண், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்க விட்டிருந்தாள். எந்த மீனுக்கு என்று கேட்டாள். பாஸ் என்றாள் புஷ்பவல்லி. அதற்கு அடுத்த கேள்விகளில்தான் அவள் திணறினாள். ஆழமான இடமா, கரையிலிருந்தா படகிலிருந்தா, நூல் எத்தனை பவுண்டு தாங்கும், தண்ணீர் கலங்கலா தெளிவா. அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் பக்கத்திலேயே நின்றார். அவர் இந்த விஷயங்களை எல்லாம் கிளென்னிடம் இங்கிலீஷில் கேட்டு, இங்கிலீஷில் மனதில் வைத்திருந்தவர். இவள் தமிழில் கேட்கலாமென்றால் இதற்கெல்லாம் தமிழில் என்ன சொல்வது என்று இவளுக்குத் தெரியாது. நூல் கனமா மெலிசா என்று மட்டும் கேட்டாள். அவர் கூரையைப் பார்த்தார்.

கைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். நோரீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிவரை படித்தாள். அப்புறம், இது அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்கு எழுதினது, கண்ணு, என்கிற மாதிரி ஒரு குரலில் விளக்கினாள். அங்கே பாஸ் என்று சொல்வது வேறு மீன். அதன் வாய் ஒரு சட்டி அகலம் இருக்கும். அதனால் எட்டங்குல மீனைப் போட்டாலும் விழுங்கும். நம் ஆற்று பாஸ் முழங்கை நீளம் இருந்தாலே பெரிது. இந்தத் தாளில் இருப்பதை வாங்கினால் காசுதான் போகும்.

ஒரே பேர் வைத்துக்கொண்டு இரண்டு மீன். தேவிகா பாவம் அவ்வளவு தேடி அனுப்பியது ஒன்றுக்கும் ஆகாமல் போனது. புஷ்பவல்லி தாளைத் திரும்ப மடித்தாள்.

அதற்குள் மோகனதாஸ் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். உள்ளே கணுக்கணுவாக இணைத்த ஒரு பெரிய மீன், செதிலெல்லாம் அச்சாக வரைந்து, நிஜ மீனைப்போலவே இருந்தது. நாற்பத்தொன்பது டாலர். இடது கை விரலைக் கண்ணாடியில் வைத்தார்.

“தபால்,” என்றார்.

“அது வேணுமாங்க?”

“இல்ல.” சொல்லிக்கொண்டே தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

வாயை நம்புவதா, தலையை நம்புவதா. சில சமயம் தலையும் தப்பாக ஆடும் என்று கேட் சொல்லியிருக்கிறாள். இரண்டே இரண்டு பொருளைக் கையில் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அவசரப்படாமல் காத்திருங்கள் என்றும் சொல்லியிருக்கிறாள். புஷ்பவல்லி சுவரில் தொங்கிய பாக்கெட்டுகளில் இரண்டை உருவி இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்தாள். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. “இதுவா, இதுவா?” அவர் இரண்டையும் வாங்கினார். பார்த்தார். இரண்டையும் அவள் கையிலேயே திரும்ப வைத்தார். வேறு இரண்டை எடுத்தாள். அதுவும் அப்படியே. ஐந்தாவது தடவை அவர் முகம் கறுத்தது. இடது உள்ளங்கையால் கண்ணாடியை அடித்தார். அலமாரி முழுக்க அதிர்ந்து மீன்கள் ஆடின. தூண்டில் முள் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

காசு போதவில்லை என்று கோபப்படுகிறார் போல என்று நோரீன் நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் கட்டிவிட்டுப் போனால் எடுத்து வைக்கிறேன், மாதா மாதம் கட்டலாம் என்று தணிவாகச் சொன்னாள்.

அப்போது புஷ்பவல்லி சொல்லத்தான் வேண்டியிருந்தது. இங்கிலீஷில், அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, இவருக்கு ஸ்ட்ரோக் வந்தது, இவருக்குப் பேச வராது, சொன்னால் புரிவதும் குறைவு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். அவருக்கு இங்கிலீஷ் எட்டாது என்ற தைரியத்தில் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுப் பார்த்தபோது அவர் முகத்தைத் திருப்பிக் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்துதான் திருப்பினாரா, சும்மாதான் திருப்பினாரா? கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது. அன்று கடையில் நடந்ததிலேயே அவளை இரவு தூங்க விடாமல் செய்தது அதுதான்.

நோரீன் உள்ளே போனாள். நீளமான ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் பிடித்து வந்து கல்லாமேல் வைத்தாள். துண்டு நூலில் ஒரு ரப்பர் மீனைக் கட்டித் தொட்டியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மெல்ல இழுத்தாள். துடுப்பு மாதிரி இருந்த அதன் வால் பட்பட்டென்று இரண்டு பக்கமும் அடித்தது. மோகனதாஸ் திரும்பினார். அவள் அதை அவிழ்த்துவிட்டு இன்னொன்றைக் கட்டினாள். அவர் தொட்டிக்கிட்டே வந்து குனிந்தார். மூன்றாவது மீன் மூன்றங்குல நீளம், ஆற்றுப் பாசி நிறத்தில் பொன் பொடி தூவினது மாதிரி. அதை இழுத்தபோது அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். தண்ணீருக்குள் இடது கையை விட்டு அதைப் பிடித்தார், விடவில்லை.

ஆறு மீன் கொண்ட பாக்கெட் பத்து டாலருக்கு ஐந்து காசு குறைவு. அதில் இரண்டு. முள்ளோடு சேர்ந்த சின்ன ஈயத் தலைகள் ஒரு பாக்கெட் ஏழு டாலர். கரையிலிருந்து வீச இலேசான தலை போதும் என்று நோரீன் எடுத்துக் கொடுத்தாள். பிறகு, கோலைப் பிடிக்கிறவருக்கு அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும், ஒரு மாதத்துக்குப் பன்னிரண்டு டாலர் என்றாள். யார் பெயரில் போட என்று கேட்டாள். புஷ்பவல்லி அவரைப் பார்த்தாள். அவர் ஈரக் கையில் ரப்பர் மீனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெயரைச் சொல்லிவிட்டு, பிறகு அவர் பெயரையும் சொன்னாள். முடிச்சுப் போட நோரீன் சொல்லிக்கொடுத்தாள். மூன்று தடவை தவறி நாலாவது தடவை வந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆற்றங்கரைக்குப் போனார்கள். மீன் பிடிக்க எத்தனை கை வேண்டும் என்று அதுவரை அவள் யோசித்ததில்லை. கோலை அவர் இடது கையில் பிடித்தார். ரீலில் நூலைத் தடுக்கும் கம்பி வளையத்தை இவள் திறந்து, நூலை விரலில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் வீசுகிற அந்த நொடியில் இவள் விரலை எடுக்க வேண்டும். சீக்கிரம் எடுத்தால் ரப்பர் மீன் பின்னால் போய் விழுந்தது. தாமதமாக எடுத்தால் அவர்கள் காலடியிலேயே தொப்பென்று விழுந்தது. வலது பக்கம் நெருங்கி நின்று கைப்பிடியை இவள் சுற்ற வேண்டும். இருபத்தைந்து வருடத்தில் வெளியிடத்தில் இத்தனை நெருக்கமாக அவர்கள் நின்றதே இல்லை. படகோட்டும் பயிற்சிக்கு வந்த பெண்கள் தண்ணீரில் போகும்போது கை அசைத்தார்கள்.

முதல் நாள் ஒரு ரப்பர் மீன் எதிரே சாய்ந்திருந்த மரக்கிளையில் மாட்டி அங்கேயே தொங்கியது. இன்னொன்று தண்ணீருக்கு அடியில் எதிலோ சிக்கி அறுந்தது. அறுந்தபோதெல்லாம் அவர் “நல்லது, நல்லது” என்றார். அது கெட்டது என்பதற்கு அவர் வாயில் வருகிற சொல் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த வாரம் மூன்று போயின. ஒன்றை ஏதோ கடித்து வாலைத் துண்டித்திருந்தது. அந்த வாலில்லாத மீனை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

மூன்றாவது சனிக்கிழமை அது நடந்தது.

வெயில் இன்னும் மரத்துக்குமேல் வராத நேரம். எதிரில் தண்ணீரில் விழுந்து கிடந்த ஒரு பெரிய மரம். அதற்கு ஒரு கஜம் இந்தப் பக்கமாக ரப்பர் மீன் சரியாக விழுந்தது. இத்தனை சரியாக அதற்கு முன் விழுந்ததில்லை. அவள் மெல்லச் சுற்றினாள். நாலு சுற்று சுற்றியிருப்பாள். கோலின் நுனி சட்டென்று வளைந்து தண்ணீரைத் தொட்டது. கைப்பிடி அவள் விரலில் இருந்து பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. தண்ணீருக்கு அடியில் வெண்கல நிறத்தில் ஒரு பக்கவாட்டு மினுமினுப்பு தெரிந்து மறைந்தது. மீன் நேராக அந்த மரத்தை நோக்கி ஓடியது.

“விடு,” என்று கத்தினார் மோகனதாஸ். “விடு, விடு, விடு.”

அவள் விட்டாள். கைப்பிடியிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டாள்.

ரீல் பின்பக்கமாகச் சுழன்றது. நூல் ஓடி, மரத்துக்கு அடியில் போய், ஒரு நொடி விறைத்து நின்று, தொய்ந்தது. கோல் நிமிர்ந்தது. அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

அவர் சொற்கள் தலைகீழாக வரும் என்று அவளுக்குத் தெரியாததா? ஆறு மாதமாக நாள் முழுக்க அதைத் திருப்பிப் போட்டுத்தானே குடும்பம் நடத்தினாள். ஆனால் அந்தக் குரல் பழைய குரல். காரைப் பின்னால் எடுக்கும்போது நிறுத்து என்பாரே, அடுப்பில் எண்ணெய் பற்றிக்கொண்டபோது தள்ளிப் போ என்றாரே, அந்தக் குரல். அந்தக் குரலுக்கு அவள் கை தானாகக் கேட்டுவிட்டது.

மோகனதாஸ் கோலைப் புல்லில் போட்டார். அவளைப் பார்த்தார். உதடு துடித்தது. அவர் எதையோ மேலே தூக்க முடியாமல் தூக்குவதுபோல இருந்தது.

“நான் அப்படிச் சொல்லல,” என்றார்.

மூன்று சொற்கள். ஒன்றுகூட இடம் மாறவில்லை. ஜூலைக்குப் பிறகு அவர் சொன்ன முதல் முழு வாக்கியம் அது.

புஷ்பவல்லிக்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. “என்னங்க, இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றாள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, “இப்ப சொன்னீங்களே, சொல்லுங்க,” என்றாள். அவர் வாயைத் திறந்தார். திறந்து மூடினார். “தபால்,” என்றார். பிறகு தரையில் உட்கார்ந்து ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவரை எழுப்பிக் காருக்குக் கூட்டிவர அரை மணி நேரம் ஆனது.

திங்கட்கிழமை கேட்டுக்குப் போன் செய்தாள். வியாழக்கிழமை கேட் வந்து ஒரு மணி நேரம் முயன்றாள். அதே மூன்று சொற்களை அவருக்குச் சொல்லிச் சொல்லிக் காட்டும்படி புஷ்பவல்லியிடம் சொன்னாள். தனக்குத் தமிழ் தெரியாது என்பதால் புஷ்பவல்லி சொன்னதை அவளும் கூடச் சேர்ந்து சொன்னாள். ஒன்றும் வரவில்லை. கோபமோ அதிர்ச்சியோ வரும்போது சிலருக்கு இப்படி ஒன்று தானாக வெளியே வந்துவிடும், கூப்பிட்டால் வராது என்று கேட் விளக்கினாள். இது நல்ல அடையாளம்தானா என்று கேட்டதற்கு, கெட்டது இல்லை என்றாள்.

பிப்ரவரி கடைசியில் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. உடல்நிலை காரணமாக அவரை ஓய்வில் விடுவதற்கான காகிதங்கள். அவள் அதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். அவர் இடது கையால் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு செல்லுமா என்று கேட்க யாரிடம் போன் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் அவரிடம்தான் கேட்பாள்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் ரப்பர் மீன்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. மார்ச் முதல் வாரம் அவள் மறுபடி கடைக்குப் போனாள். அவரைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு உள்ளே போனாள். நோரீன் அவளை அடையாளம் கண்டுகொண்டாள். ஏதாவது மாட்டியதா என்று கேட்டாள். ஒன்று மாட்டியது, விட்டுவிட்டோம் என்றாள் புஷ்பவல்லி. நோரீனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பாஸ் மீனைப் பிடித்துத் திரும்ப ஆற்றிலேயே விடுகிறவர்களைத்தான் தனக்குப் பிடிக்கும், ரொம்ப நல்ல காரியம் செய்தீர்கள் என்று சொல்லி, பாக்கெட்டுக்கு ஒரு டாலர் குறைத்துக்கொண்டாள். அது இல்லை, நாங்கள் அப்படி விடவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எங்கிருந்து தொடங்கி எதுவரை சொல்வது? நன்றி சொல்லிவிட்டுப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து அவள் மனதில் ஒரு நினைப்பு ஊறிக்கொண்டே இருந்தது. கோபம் வந்தால் சொல் வரும் என்றால், கோபத்தை வரவைத்தால் என்ன? வீட்டில் செய்து பார்த்தாள். உப்புப் போடாமல் குழம்பு வைத்தாள். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு சானலுக்கு மாற்றினாள். மாற்றியதையும் பார்த்தார். அவருடைய பழைய பாட நோட்டுகளைக் கட்டி, குப்பையில் போடுகிறேன் என்று வாசல்வரை தூக்கிப்போனாள். அவர் எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார். நோட்டுகளைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து அலமாரியில் அடுக்கும்போது தன்னையே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை மறுபடி ஆற்றுக்குப் போனார்கள். அதே மரத்துக்கு எதிரே நின்றார்கள். அவர் வீசியபோது அவள் வேண்டுமென்றே விரலைத் தாமதமாக எடுத்தாள். மீன் காலடியில் விழுந்தது. இரண்டாவது தடவை வேண்டுமென்றே பின்னால் விழவிட்டாள். மூன்றாவது தடவை நன்றாகவே விழுந்தது. அவள் கைப்பிடியைப் பைத்தியம் பிடித்தவள்போல வேகமாகச் சுற்றினாள். ரப்பர் மீன் தண்ணீர்மேல் துள்ளித் துள்ளி வந்தது. எந்த மீனும் அதைத் தொடாது என்று அவளுக்கே இப்போது தெரியும். அவர் பக்கம் திரும்பி, “திட்டுங்க,” என்றாள். “தப்பாத்தானே பண்றேன். என்னைத் திட்டுங்க.”

அவர் திட்டவில்லை. கோலை மெதுவாகப் புல்லில் வைத்தார். அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் கோபம் இல்லை, குழப்பமும் இல்லை. இவள் எதற்காக இதெல்லாம் செய்கிறாள், உப்பில்லாத குழம்பு எதற்கு, நோட்டுக் கட்டு எதற்கு என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்று புஷ்பவல்லிக்கு அந்தக் கணம் புரிந்தது. தெரிந்துகொண்டே சாப்பிட்டிருக்கிறார். தெரிந்துகொண்டே கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். கொடுக்கத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்பதைச் சொல்லவும் அவரிடம் சொல் இல்லை.

அவள் கரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார முயன்று, வலது கால் மடங்காமல், பாதியில் நின்று, அவள் தலைமேல் இடது கையை ஊன்றிக்கொண்டு ஒரு மாதிரி கீழே இறங்கினார். ஆற்றில் ஒரு மோட்டார் படகு போனது. அதன் அலை வந்து கரையில் அடித்து ஓய்ந்தது. வெயில் ஏறி முதுகில் சுடத் தொடங்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள். பிறகு அவள் எழுந்து, அவருக்குக் கை கொடுத்தாள்.